நினைவு ஒட்டாத பாட்டுகள்

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவருக்கு விவாகரத்து ஆகி ஒரு வருடம் இருக்கும். வீட்டில் மனைவியின் பொருள் ஒன்றுகூட மிச்சமில்லை. பாட்டுகள்தான் போகவில்லை. கடை ரேடியோவில் எந்தப் படப் பாட்டு வந்தாலும் அதில் அவள் இருந்தாள். இது முதன்முதலாகச் சேர்ந்து பார்த்த படத்தில் வந்தது. இது பேருந்தில் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கியபோது ஓடியது. இது சண்டைக்குப் பிறகு சமாதானத்துக்காக அவரே சுருதி சேராமல் பாடிக் காட்டியது.

ஒரு நாள் எழுந்து போய் ரேடியோவை அணைத்துவிட்டார். முதலாளி பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். கண் பரிசோதிக்கும் பெண்தான் பின்னறைக்கு வந்து கேட்டாள். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான். டாக்டர் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும் எல்லோருக்கும் அவள் டாக்டரம்மாதான்.

“ஏண்ணா, தலைவலியா?”

“அதெல்லாம் இல்லம்மா. பாட்டு கேட்டாலே அவ ஞாபகம் வருது. எந்தப் பாட்டுன்னு இல்ல, எல்லாத்துலயும் வந்து உட்கார்ந்துக்கிறா.”

அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. போனை எடுத்தாள்.

“அப்ப இதுவரைக்கும் கேட்காத பாட்டா கேளுங்க. நான் சமீபத்துல கேட்டு ரசிச்ச மூணு ஆல்பம் அனுப்புறேன். படப் பாட்டு இல்ல. அவங்களே எழுதி, அவங்களே பாடி, அவங்களே வெளியிட்டது. அதுல உங்க வீட்டம்மா வர வழியே இல்ல.”

முதல் ஆல்பத்தை இரண்டு சகோதரிகள் தங்கள் சமையலறையிலேயே பதிவு செய்திருந்தார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் குக்கர் விசில் அடித்தது. அவர்கள் நிறுத்தாமல் பாடினார்கள். லென்ஸ் தேய்ப்பவருக்கு அது பிடிக்கவில்லை. இரண்டாவதில் வெறும் கிதார். பரவாயில்லை என்று தோன்றியது.

மூன்றாவது, பள்ளி வேன் ஓட்டும் ஒரு பெண்மணியுடையது. கட்டைக் குரல். குடையைத் தொலைத்தது, வங்கியில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தது என்று சின்னச் சின்ன விஷயங்களைப் பாடினார். ஒரு பாட்டில், தலைமேல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வீடெல்லாம் தேடும் கணவர், கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர்மேல் சந்தேகப்படுகிறார். லென்ஸ் தேய்ப்பவர் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். இப்படிப்பட்டவர்களைத் தினமும் பார்ப்பவர் ஆயிற்றே.

அன்று மாலையே, ஆல்பத்தோடு கொடுத்திருந்த முகவரிக்கு அந்தப் பெண்மணிக்கு எழுதினார். ‘நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஒரு வருடத்துக்குப் பிறகு இன்று வாய்விட்டுச் சிரித்தேன். மிக்க நன்றி.’

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. ‘இந்த ஆல்பத்த இதுவரைக்கும் நூத்தி நாப்பது பேர் கேட்டிருக்காங்க. பாதிப் பேர் எங்க சொந்தக்காரங்க. நீங்க எழுதினத வேன்ல பிள்ளைங்களுக்கு வாசிச்சுக் காட்டினேன். கைதட்டினாங்க.’

அதை அவர் நான்கைந்து முறை படித்தார்.

தினமும் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்கும் தங்கை, அன்று பின்னால் ஓடிய பாட்டைக் கேட்டதும் அந்தக் கேள்வியை விட்டுவிட்டாள்.

“பாட்டு கேக்குறியாண்ணா? அப்ப சாப்பிட்டிருப்ப. நான் வெச்சிடுறேன்.”

மறுநாள் கடை திறந்ததும் அவர் டாக்டரம்மாவின் அறை வாசலில் போய் நின்றார்.

“ரொம்ப நன்றிம்மா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல.”

“நன்றிய நான் என்ன பண்றது? பதிலுக்கு நீங்க ஒரு ஆல்பம் சொல்லுங்க.”

அதற்காக ஒரு வாரம் தேடினார். பதினாறு ஆல்பங்கள் கேட்டார். ஒரு தச்சர் தன் பட்டறையில் பாடிப் பதிவு செய்ததைத் தேர்ந்தெடுத்து அவளுக்கு அனுப்பினார். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பதுபோல் இருந்தது.

மறுநாள் மதியம் அவள் பின்னறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டாவது பாட்டு சுமார்தாண்ணா. மத்தது எல்லாத்தையும் எங்க அம்மாவுக்கு அனுப்பிட்டேன்.”