அக்காவின் காதுக்கு ஒரு வயலின்

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா புது வயலின் வாங்கப் போனாள். துணைக்கு நான் போனேன். திரும்பி வந்து எழுத உட்கார்ந்தேன். ‘இதுல கதை எங்க இருக்கு? யாராவது சாக வேணாமா? அழவாவது வேணாமா?’ என்று பத்திரிகை நண்பர் ஒருவர் கேட்டார்.

வேண்டாம். இதில் யாரும் சாகப்போவதில்லை. நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், தனக்கு எந்தச் சத்தம் வேண்டும் என்று தானே முடிவு செய்கிறாள். அது கதையில்லை என்று நினைப்பவர்கள் இங்கேயே மூடிவிட்டுப் போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். (கோபித்துக்கொள்வேன்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘மழை விட்டிருந்த அந்த மாலையில், கண்ணாடிக்குப் பின்னால் தேன் நிறத்தில் தொங்கிய வயலின்கள்…’

அடித்துவிட்டேன். அன்று மழையே இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் அக்கா எரிந்து விழுந்துகொண்டிருந்தாள்.

அவளுடைய வேலையிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். அக்கா பல் மருத்துவமனையில் உதவியாளர். டாக்டர் பல்லைக் குடையும்போது பக்கத்தில் நின்று எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொள்வாள். பல் குடையும் மெஷினின் கீச்சுக் குரலை நோயாளி சில நிமிடம் பொறுத்துக்கொண்டால் போதும். அக்காவுக்கு அது ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. பிள்ளைகள் வளர்ந்து தலையெடுத்தபின் வயலின் கற்கத் தொடங்கினாள். கையில் இருந்தது, புதிதாகக் கற்பவர்களுக்கென்றே விற்கிற மலிவு ரகம். மேல் தந்தியில் வில் பட்டால் வீடே பல்லைக் கடிக்கும்.

“வயலின் தோள்ல உக்காருது. காதுக்கும் அதுக்கும் ஒரு சாண்கூட இல்ல. நாள் பூரா ஒரு மெஷின் கத்துது, வீட்டுக்கு வந்தா தோள்ல இன்னொண்ணு கத்துது. எனக்கு வேற வயலின் வேணும்டி” என்றாள்.

தந்திகளை மாற்றிப் பார்த்தாள். வில்லையும் மாற்றிப் பார்த்தாள். கத்தல் கொஞ்சம் அடங்கியது. குணம் மாறவில்லை.

3

(அவள் தேடிய நாதத்துக்கு ஒரு சொல் தேடி நான் பட்ட பாடு. ‘கதகதப்பான நாதம்’ என்று எழுதினேன், கம்பளி விளம்பரம் மாதிரி இருந்தது. ‘இனிமை’ என்றால் எல்லா வயலினும் இனிமைதான் என்பார் கடைக்காரர். கடைசியில் அவளிடமே கேட்டேன். “இதமா இருக்கணும். சூடு தெரியணும், சுடக் கூடாது. எழுதிக்கோ” என்றாள். எழுதிக்கொண்டேன்.)

4

கடைக்காரரிடம் அக்கா எடுத்த எடுப்பிலேயே தன்னால் எவ்வளவு பணம் கொடுக்க முடியும் என்று சொல்லிவிட்டாள்.

“இந்த வெலைக்குள்ள நீங்க கேக்கற நாதம் வராது மேடம்.”

“நீங்க எடுத்து வைங்க. வருதா வரலையான்னு நான் கேட்டுச் சொல்றேன்.”

அவர் முதலில் எடுத்து வைத்தது முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பானது. அக்கா தன் சொந்த வில்லை எடுத்தாள். எல்லா வயலினிலும் ஒரே வில், ஒரே மெதுவான வரி. அப்போதுதான் வித்தியாசம் வயலினுடையதா வில்லினுடையதா என்று தெரியும். வாசித்தாள். கண்ணாடி அலமாரி அதிர்ந்தது. “அரங்கத்தோட கடைசி வரிசை வரைக்கும் போகும்” என்றார் அவர் பெருமையாக. அக்கா காதைத் தேய்த்துக்கொண்டு கீழே வைத்தாள்.

இரண்டாவது, பழையது. முதுகில் நீளமாக ஒரு விரிசல், யாரோ பொறுமையாக ஒட்டியிருந்தார்கள். பார்த்ததுமே எனக்குள் எழுதுகிறவள் விழித்துக்கொண்டாள். இது எத்தனை வீடு பார்த்திருக்கும், எந்தச் சண்டையில் விழுந்திருக்கும்…

மூன்றாவதை அவர் எடுக்கவேயில்லை. ஓரத்தில் தொங்கிய அதை அக்காதான் கேட்டு வாங்கினாள். புதியது, மங்கின பழுப்பு, பார்க்க ஒன்றுமேயில்லாதது. கீழ்த் தந்தியில் வில்லை வைத்தாள். மெல்ல மேலே ஏறினாள். வாசிக்கும்போது அக்காவின் தோள்கள் எப்போதும் காதைத் தொடுகிற மாதிரி தூக்கியிருக்கும். மேல் தந்திக்கு வந்தபோது அவை தாமாகவே இறங்கியிருந்தன. அது அவளுக்கே தெரியாது, நான் பார்த்தேன்.

“இதுதான்” என்றாள்.

5

என் முதல் பிரதியில் அவள் விரிசல் வயலினைத்தான் வாங்கினாள். சாப்பாட்டு இடைவேளையில் படித்துவிட்டு உடனே போன் செய்தாள்.

“நான் எப்படி அந்தப் பழசை வாங்கினேன்?”

“கதைக்கு நல்லா இருக்குக்கா. தழும்பு, கடந்த காலம்…”

“நீ தழும்பைப் பாத்தே, நான் சத்தத்தைக் கேட்டேன். மேல போகப் போக அதுவும் குத்திச்சு. வயலினுக்குக் கதை எதுக்குடி?”

“கொஞ்சம் கற்பனை இருக்கலாமில்ல?”

“தாராளமா. ஊரை எடுத்துடு, பேரை எடுத்துடு, என் எடையில பாதியைக் குறைச்சுக்கோ. நான் எதைத் தேர்ந்தெடுத்தேன்ங்கறதுல மட்டும் கை வைக்காதே!”

வைக்கவில்லை.

6

அக்கா வாசிக்கும் குழு ஒரு அச்சகத்தின் மாடியில் ஒத்திகை பார்க்கும். ஆண்டு நிகழ்ச்சியில் ஒரு பாட்டின் நடுவே ஒரு சின்ன இடத்தை அவள் தனியாக வாசிக்க வேண்டும். குழுவை நடத்தும் மாஸ்டர் புது வயலினைக் கேட்டார். கேட்டுக்கொண்டே அறையின் அந்தக் கோடி வரை நடந்து போனார்.

“நாதம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தக் கோடிக்கு வந்து சேரல. கடையில மாத்தித் தருவாங்கல்ல? கணீர்னு ஒண்ணு எடுத்துக்கோங்க. இல்லேன்னா அந்த இடத்தை வேற யாருக்காவது குடுக்கணும்.”

அவரை வில்லனாக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. நானும் கோடியில்தான் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்களும் சேர்ந்து வாசித்ததும் அக்காவின் வயலின் சத்தம் காணாமல் போனது.

“எனக்குக் கேக்குதே” என்றாள் அக்கா.

“நீங்க மட்டும் கேக்கறதுக்கு எதுக்கும்மா மேடை?”

நல்ல கேள்வி. அக்கா வில்லின் திருகைத் தளர்த்தினாள், மறுபடி இறுக்கினாள். அவள் அந்த இடத்துக்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

“அப்போ மத்தவங்களைச் சத்தம் குறைச்சு வாசிக்கச் சொல்லுங்க” என்றாள்.

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

“ஒருத்தருக்காக இத்தனை பேர் அடங்கணுமா?”

“ஆமா. அந்த இடத்துல மட்டும். அது தனி வாசிப்புதானே? அவங்க முறை வரும்போது நான் அடங்கித்தானே வாசிக்கறேன்? வயலினை மாத்த மாட்டேன், மாஸ்டர்.”

அவர் இசைத்தாள்களை மூடினார். “நாளைக்கு ஒத்திகையில பாக்கலாம்” என்றார்.

7

முடிவு அ: எல்லோரும் அடங்கி வாசிக்கிறார்கள், அரங்கமே முன்னால் சாய்ந்து கேட்கிறது. கைதட்டல். மாஸ்டரின் கண்களில் ஈரம்.

முடிவு ஆ: அந்த இடம் வேறொருவருக்குப் போகிறது. அக்கா குழுவை விட்டு விலகி, வீட்டு ஜன்னலோரம் தனக்காக மட்டும் வாசிக்கிறாள்.

முடிவு இ: மறுநாள் காலை அக்கா வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்தக் கடைக்கு

இல்லை. இதை எழுத மாட்டேன். அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.

மற்ற இரண்டையும் அக்காவிடம் படித்துக் காட்டினேன். மெல்லிய துணியால் வயலினைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

“ரெண்டுலயும் மாஸ்டர் என்ன பண்ணுவார்ங்கறதுதான் முடிவா இருக்கு. நான் என்ன பண்ணுவேன்னு எழுதலையே?”

“நீ என்ன பண்ணுவே?”

“வாசிப்பேன். இடம் குடுத்தாலும் வாசிப்பேன், குடுக்கலேன்னாலும் கூட்டத்துல உக்காந்து இதையேதான் வாசிப்பேன். இதுக்கு எதுக்கு மூணு முடிவு?”

ஆகவே நான் நிறுத்திக்கொள்கிறேன். ஒத்திகை இன்னும் நடக்கவில்லை. முடிவு இல்லாமல் தூக்கம் வராது என்பவர்கள் தாங்களே எழுதிக்கொள்ளலாம், மாஸ்டரின் மனதை மாற்றலாம், மாற்றாமலும் விடலாம். அக்காவின் தோளில் எந்த வயலின் என்பது மட்டும் உங்கள் கையில் இல்லை. அவள் வாசிக்கும் இடம் வரும்போது, நீங்கள் யாராக இருந்தாலும், கொஞ்சம் பேசாமல் இருங்கள்.