ரெண்டு மார்க் மாமனார்

அந்தத் தெருவில் ரெண்டு மார்க் என்றால் அவர்தான். படமோ பாட்டோ சீரியலோ, எதற்கும் அவர் பத்துக்கு இரண்டைத் தாண்டி மார்க் போட்டதாகச் சரித்திரம் இல்லை. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது தொழில். விமர்சகருக்கு இதைவிட வாகான தொழில் அமையாது. கற்றுக்கொள்ள வந்தவன் எதிரே வரும் லாரியைப் பார்த்து வியர்த்துக்கொண்டிருப்பான். பக்கத்து சீட்டிலிருந்து, "இப்பல்லாம் இடைவேளைக்கு அப்புறம் எவன்பா கதை எழுதுறான்? கிளட்சை மிதி" என்று குரல் வந்தால் அவன் மறுத்தா பேசுவான்?

இடைவேளைக்கு அப்புறம் கதை இருந்ததா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்கக் கூடாது. அப்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். பாட்டு என்பது அவர் இளவட்டமாக இருந்த காலத்தோடு முடிந்துவிட்டது, பிறகு வந்ததெல்லாம் பாத்திரம் உருட்டுகிற சத்தம். சீரியலில் ஒருத்தி கதவைத் திறக்க ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறாள் என்று வாய் ஓயாமல் திட்டுவார். அந்த வாரத்தில் ஒரு நாளையும் தவறவிட மாட்டார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்குத்தான் அவள் மருமகளாக வந்து சேர்ந்தாள். டிவி கம்பெனி ஒன்றில் ஒலி சேர்க்கிற வேலை. நகைச்சுவைத் தொடர்களின் பின்னணியில் ஒரு கூட்டம் சிரிக்குமே, அந்தச் சிரிப்பை ஒட்டுகிறவள் அவள். உண்மையில் கூட்டம் எதுவும் கிடையாது. நடிகர்கள் காலி அறையில் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். எந்த வசனத்துக்கு எவ்வளவு சிரிப்பு, அது எங்கே தொடங்கி எங்கே அடங்க வேண்டும் என்பதையெல்லாம் அவள் காதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

"சிரிப்பு வராத இடத்துல சிரிப்பை ஒட்டுறதுக்கு ஒரு சம்பளமா?" என்று மாமனார் கேட்டார். "அதுக்கு ஒரு படிப்பு வேற." அவர் போகிற போக்கில் சொன்னதுதான். அவளுக்குத்தான் அது முள்ளாகத் தைத்துவிட்டது. இந்த மனிதர் வாயால் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தன் வேலையைப் பற்றி நல்ல வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று மனதுக்குள் ஏங்கினாள்.

கிடைத்ததோ வேறு. கம்பெனியில் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு ரொம்பப் பழசு. ஒவ்வொரு சிரிப்பின் கடைசியிலும் ஓர் அம்மாள் இருமுவாள். ஜனங்கள் அதைக் கண்டுபிடித்து, "அந்தம்மாவை யாராவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். தயாரிப்பாளர் அவளைக் கூப்பிட்டார்.

"அடுத்த வாரமும் அந்தம்மா இருமினா, உங்க சீட்ல வேற ஆளைத்தான் உட்கார வைக்கணும்," என்றார். "நிஜமான சிரிப்பு வேணும். எங்கிருந்து கொண்டு வருவீங்களோ, தெரியாது."

கலங்கிப்போய் வீட்டுக்கு வந்தவள் சாப்பிட உட்கார்ந்தாள். மாமனார் வழக்கம்போல அன்றைய ஜோக்கை எடுத்துவிட்டார்.

"பிரேக்கை எப்ப சார் மிதிக்கணும்னு கேக்குறான். நான் சாமியைக் கும்பிட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மிதிப்பான்னேன்."

யாரும் சிரிக்கவில்லை. மகன் தட்டைப் பார்த்தான், மாமியார் தண்ணீர் எடுக்கப் போனார். மாமனார் மட்டும் சிரித்தார். மழையில் நனைந்த ஸ்கூட்டரை உதைப்பதுபோல ஹக், ஹக் என்று தொடங்கி, பிறகு பிடித்துக்கொண்டு, வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, அப்படி ஒரு சிரிப்பு. அவள் சோற்றில் கை வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். இருமல் இல்லை. பொய் இல்லை.

மறுநாளிலிருந்து தண்ணீர் ஜக்குக்குப் பின்னால் அவளுடைய செல்போன் பதிவு செய்துகொண்டிருந்தது. கேட்காமல் எடுப்பது தப்பு என்று தெரியாமல் இல்லை. கேட்டால் அந்தச் சிரிப்பு வராது என்பதும் தெரியும். "அப்பாவுக்குத் தெரிஞ்சா வீடு ரெண்டாயிடும்," என்றான் கணவன். வேலை போனாலும் அதே கதிதான் என்றாள் அவள்.

ஒளிபரப்பாகும் சாயங்காலம் வந்தது. மாமனார் ரிமோட்டும் கையுமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். தொடர் ஓட ஆரம்பித்தது. அதில் வீட்டுக்காரர் வாடகை கேட்டு வந்து கதவில் மூக்கை இடித்துக்கொண்டார். பின்னணியில் ஹக், ஹக் என்று சிரிப்பு தொடங்கியது.

மாமியார் புருவத்தைத் தூக்கி மருமகளைப் பார்த்தார். மருமகள் தரையைப் பார்த்தாள். மாமனார் சத்தத்தைக் கூட்டினார். அடுத்த சிரிப்புக்கு இன்னும் கூட்டினார். விளம்பர இடைவேளைக்கு அப்புறமும் அவர் தூங்கவில்லை.

தொடர் முடிந்தது.

"கதை குப்பை," என்றார். "நடிப்பு அதைவிடக் குப்பை. ரெண்டு மார்க்."

அவள் மெல்ல எழுந்தாள்.

"இரும்மா. பின்னாடி ஒருத்தன் சிரிக்கிறான் பாரு, அவன் மனுஷன். எந்த இடத்துல சிரிக்கணும், எந்த இடத்துல நிறுத்தணும்னு அவனுக்குத் தெரியுது. ஒரு இடம் தப்பல. அவனுக்கு ஒம்பது குடுக்கலாம்."

அந்த இடங்களை எல்லாம் தேர்ந்தெடுத்தது அவள். "ஒண்ணு ஏன் மாமா குறைச்சிட்டீங்க?" என்று கேட்டு வைத்தாள்.

"சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி."

"அதைத்தான் கல்யாணமான நாள்லேருந்து நானும் சொல்றேன்," என்றார் மாமியார்.

மாமனார் அதைக் காதில் வாங்கவில்லை. "உங்க ஆபீஸ்ல இருக்கிற ஆளா? ஒரு நாள் சாப்பிடக் கூட்டிட்டு வாயேன். நம்ம வீட்ல நான் என்ன சொன்னாலும் ஒருத்தரும் சிரிக்கிறதில்ல. அவன் சிரிப்பான்."

அவளுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் அந்த மேஜையில் அவருடைய சிரிப்பை மட்டும்தான் கேட்டிருக்கிறாள், ஜோக்கைக் காது கொடுத்துக் கேட்டதே இல்லை.

அன்றைக்குச் சாப்பாட்டின்போது ஜக்குக்குப் பின்னால் செல்போன் இல்லை. மாமனார் தொண்டையைக் கனைத்தார். ஹாரனை மட்டும் நன்றாக அடிக்கக் கற்றுக்கொண்டு போன ஒருவரின் கதை. நிஜமாகவே நன்றாக இருந்தது. அவர் ஹக் என்பதற்குள் அவள் சிரித்துவிட்டாள்.

அவர் வரவிருந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு அவளையே சந்தேகமாகப் பார்த்தார்.

"பரவாயில்ல," என்றார். "மூணு மார்க்."