கமலாசனியின் கை

மல்லாவிக்குக் கிட்ட, வாய்க்கால் ஓரத்துத் தோட்டத்தில் பாத்தி கட்டி முடிந்ததும், கமலாசனியின் இடுப்பிலிருந்த கச்சான் கடலை விதைப் பெட்டியை அவள் புருசன் சுதாகரன் மெல்ல வாங்கிப் பக்கத்து வீட்டு ராஜினியிடம் கொடுத்தான். "தண்ணியை நீர் பாரும். ராஜினி போடட்டும்" என்றான். கோபமில்லாமல்தான் சொன்னான். அதுதான் அவளுக்கு உறைத்தது.

முந்தின இரண்டு போகமும் அவள் போட்ட கச்சான் பாதிகூட முளைக்கவில்லை. ராசியில்லாத கை என்று ஊரில் கதை வந்தது. பிறகு அவளே நம்பத் தொடங்கி, அண்ணன் வீட்டு விதைப்புக்கும் போகாமல் ஒதுங்கினாள். ஆனால் அன்று தண்ணீர்க் குழாயைப் பிடித்தபடி நின்றபோது ஒரு யோசனை ஓடியது. இதே கை வைத்த கத்தரியும் பூசணியும் காய்த்துக் கொட்டினவே, அவற்றை ஏன் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை? நான்கூட எடுக்கவில்லையே? கையில்தான் பிழையென்றால் விலகிவிடலாம். தெரியாமல் விலகுவதில்லை.

அடுத்த நாள் நாற்பது பொலித்தீன் பைகளில் ஒரே மண்ணை நிரப்பினாள். இருபதில் அவள், இருபதில் ராஜினி. எல்லாவற்றுக்கும் இந்தப் போகத்துப் புது விதை, பைக்கு ஒன்று. ராஜினியின் பைகளுக்கு அடியில் பெயின்ற் பொட்டு. பைகளைக் கலந்து அடுக்கும் வேலையைச் சுதாகரனிடம் விட்டாள்.

"எது என்ரை எண்டு எனக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா அதுக்குத்தான் கூடத் தண்ணி ஊத்துவன்."

"கைதான் பிழையெண்டா என்னக்கா செய்வியள்?" என்று ராஜினி கேட்டாள்.

"பிழையெண்டா இனி விதை தொடமாட்டன்."

பத்தாம் நாள் சுதாகரன் முளைத்த பைகளைப் பிரித்து வைத்து அடியைப் பார்த்தான். ராஜினிக்குப் பதினெட்டு. கமலாசனிக்குப் பதினேழு.

"ராஜினிக்கு ஒண்டு கூட" என்றான் தணிந்த குரலில்.

கமலாசனி முளைக்காத ஐந்து பைகளையும் கிளறினாள். எல்லாவற்றிலும் எறும்பு.

"அந்த ஒண்டு கையோ எறும்போ எண்டு இன்னொருக்காப் போட்டுத்தான் பாக்கவேணும்."

ஆனால் பதினேழை முளைக்க வைத்த கைக்கு அந்த இரண்டு போகமும் என்ன நடந்தது? சமையல் குசினிக்குப் பின்னால் போய், அப்போது விதை எடுத்த சாக்கில் மிஞ்சியதை இழுத்து வந்தாள். கூரை ஒழுக்குத் தண்ணீர் பட்டு அடிப்பக்கம் கறுத்திருந்தது. ஒரு கை அள்ளி ராஜினியிடம் நீட்டினாள்.

"இதை நீ போடு."

ராஜினி உடனே வாங்கவில்லை. ஊரில் முதல் விதை போடக் கூப்பிடுகிற கை அவளுடையது. கமலாசனி நீட்டிய கையை இறக்கவில்லை. ராஜினி தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒரேயொரு விதையை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.