அழகருக்கு அடித்த நோட்டீஸ்

1.

இந்தக் கதை பசறை பஸ்ஸில் பிறந்தது. பதுளையில் வண்டி கிளம்பக் காத்திருந்தபோது யாரோ என் மடியில் ஒரு நோட்டீஸைப் போட்டுவிட்டுப் போனார்கள். வட்டத்துக்குள் ஒரு ஆணின் முகம், சுற்றிலும் கறுப்புக் கோடு. “ஐயோ பாவம், எப்ப எடுக்குறாங்களாம்?” என்று பக்கத்தில் இருந்த அம்மாவைக் கேட்டேன்.

“வாசிச்சுப் பாருங்க. ஆளு இருக்காரு. ஆபரேஷனுக்கு உதவி கேக்குறாங்க.”

அவ்வளவுதான் உண்மை. மற்றதெல்லாம் நான் கட்டியது. கதையில் வருகிற பள்ளிக்கூடத்தைத் தேடிக்கொண்டு நமுனுகுல மலைப் பக்கம் யாரும் போய் நிற்காதீர்கள், கண்ணுகளா.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “மலையிலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில்...”

வேண்டாம். எங்கள் பக்கத்துக் கதை எதை எடுத்தாலும் மூடுபனி இறங்கியபடியேதான் இருக்கிறது. கொஞ்ச நேரம் மேலேயே நிற்கட்டும்.

இரண்டாவது: “விஜேந்திரன் ஒரு முட்டாள்.”

இதையும் வெட்டினேன். அவன் முட்டாளாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். பதுளை பஜாரில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை, கொழும்பில் விளம்பரக் கம்பனியில் வேலை. லீவு போட்டு, சொந்தச் செலவில் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நோட்டீஸ் தயாரிக்கச் சொல்லிக்கொடுக்கிறான். பிள்ளைகள் ஒரு உதவி மன்றம் தொடங்கியிருக்கிறார்கள், அதற்காக. முதல் உதவி ஒரு சிறுநீரக ஆபரேஷனுக்கு. இத்தனை நல்லவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

3.

“மன்றத்துக்கு ஒரே முகம் இருக்கணும்,” என்றான் விஜேந்திரன். “ஒரே எழுத்து, ஒரே நிறம், ஒரே அமைப்பு. ரோட்டுல போறவங்க வாசிக்கவே தேவையில்ல. பாத்த உடனே விளங்கணும்.”

“வாசிக்கத் தேவையில்லன்னா எதுக்கு சேர் எழுதணும்?” இது முன் வாங்கு நிரோஷன்.

“நல்ல கேள்வி.”

(நல்ல கேள்வி என்று சொல்கிறவர்கள் அதற்குப் பதில் சொல்வதில்லை. கவனித்திருக்கிறீர்களா?)

பிள்ளைகள் வரைந்தார்கள். ஒரு குழு சுற்றிவர ரோசாப்பூ போட்டது. ஒரு குழு மயில் போட்டது. லக்ஷனாவின் குழு ஒரு சிறுநீரகத்தை வரைந்து, அதற்குக் கண்ணும் சிரிப்பும் வைத்தது. அது முந்திரிக்கொட்டை மாதிரி இருந்தது. விஜேந்திரன் தலையைப் பிடித்துக்கொண்டான்.

“ஒரே மாதிரி பிள்ளைகளே, ஒரே மாதிரி! நாளைக்கு வரும்போது ஆளுக்கொரு நோட்டீஸ் கொண்டு வாங்க. யாருக்கு அடிச்சாலும் மாறாம ஒரே மாதிரி இருக்கிற நோட்டீஸ்.”

மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் ஒரே சாமானைத்தான் கொண்டுவந்தார்கள். மரண அறிவித்தல். சுற்றிலும் கறுப்புக் கோடு, வட்டத்துக்குள் முகம், மேலே குத்துவிளக்கு.

“யார் செத்தாலும் இதேதான் சேர்,” என்றாள் லக்ஷனா. “கங்காணி செத்தாலும் இதே. கொழுந்து கிள்றவங்க செத்தாலும் இதே.”

இந்த இடத்தில் அவனை நிறுத்திவிடத்தான் பார்த்தேன். மூன்று தடவை எழுதினேன். “விஜேந்திரன் திடுக்கிட்டு...” திடுக்கிடவில்லை. “விஜேந்திரன் யோசித்து...” யோசிக்கவுமில்லை. அவன் சந்தோசப்பட்டான்.

“பாருங்க, இதுதான் நான் சொன்னது! அமைப்ப மட்டும் எடுத்துக்குவோம். குத்துவிளக்க எடுத்துட்டா சரி.”

எடுத்தார்கள். பள்ளிக்கூடத்துப் போட்டோகொப்பி மெஷினில் கறுப்பு மட்டும்தான் வரும். அதுவும் ஒரே நிறம்தானே என்றான். சரி தம்பி, உன் இஷ்டம்.

4.

நோட்டீஸில் இருந்த முகம் அழகர். வகுப்பில் படிக்கும் சுதர்ஷினியின் அப்பா. இரண்டு சிறுநீரகமும் போய், கிழமைக்குக் கிழமை பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறவர். அவருடைய தங்கச்சி ஒரு சிறுநீரகம் தரச் சம்மதித்துவிட்டாள். ஆபரேஷனுக்குத்தான் வழியில்லை.

படம் போட அவர் மகளிடம் ஒரு நிபந்தனை சொல்லித்தான் ஒத்துக்கொண்டார்.

“டவுன்ல குடுங்கம்மா. தோட்டத்துல ஒண்ணு கூடக் குடுக்காதீங்க. காலையில வேலைக்குப் பேர் குடுக்குற பெரட்டுல என்னோட வரிசையில நின்ன ஆளுங்ககிட்ட நான் கையேந்த மாட்டேன்.”

அப்பாவோடு சுதர்ஷினி ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் விஜேந்திரன் வகுப்பில் சொன்னான்: “முதல்ல தெரிஞ்சவங்களுக்குக் காட்டிப் பாருங்க.” நிபந்தனை தெரிந்த ஒரே பிள்ளை அங்கே இல்லை. மற்றதுகள் போய்த் தோட்டத்துக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டன. வழக்கமாக எந்த நோட்டீஸ் ஒட்டுகிற சுவர் என்று உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா?*

* ஒருவரும் வாசிக்கவில்லை. கொட்டை எழுத்தில் “உதவுங்கள்” என்று இருந்தது. ஆனால் அழகரைக் காலையில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போனதைத் தோட்டமே பார்த்திருந்தது. சாயந்தரம் சுவரில் படம் இருக்கிறது. இதற்கு மேல் என்ன வாசிக்க?

5.

இருட்டிய பிறகு அப்பாவும் மகளும் திரும்பி வந்து படுத்ததை யாரும் காணவில்லை. விடிந்தால் அவர்கள் இருக்கும் லயத்து வரிசை வீட்டு வாசலில் கூட்டம். எதிர்க் காம்பராவில் இருக்கும் ராசம்மா ஒப்பாரியைத் தொடங்கிவிட்டாள். விரலில் பற்பொடியோடு கதவைத் திறந்தார் அழகர்.

“ஏன் ராசம்மா, யாருக்கு அழுவுற?”

“ஒனக்குத்தாண்ணே.”

“நான் இன்னும் வாய் கூடக் கொப்பளிக்கல.”

சனம் மூச்சை விட்டது. பிறகு சிரிப்பு.

“டேய் சுரேஸ், எழவுக்குக் கட்டின அந்த வெள்ளக் கொடிய அவுத்துடுடா!”

“ரோட்டு முனை வரைக்கும் கட்டிட்டேனே!”

“கட்டத் தெரிஞ்சவனுக்கு அவுக்கத் தெரியாதா?”

சிரிப்பு அடங்கியபோதுதான் எல்லாரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். அரிசிப் பை. சீனிப் பை. தேயிலைத் தூள். எழவு வீட்டுக்கென்று எடுத்ததைத் திருப்பித் தங்கள் வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வழக்கம்.

“வாங்கி வச்சுக்கண்ணே,” என்றாள் ராசம்மா.

“வாங்கினா நான் செத்தவன்ல?”

“செத்தா ஆளுக்கு ஒரு நாள் சம்பளத்தயும் வெட்டிக் குடுப்போம். எவனும் கேக்க வேண்டியதில்ல. அத இப்பவே குடுத்தா என்னா? ஒனக்கு ஆபரேசனாச்சும் ஆவும்.”

அழகர் மகள் பக்கம் திரும்பினார். “டவுன்லதானே புள்ள குடுக்கச் சொன்னேன்?”

“நான் ஒட்டலப்பா,” என்றாள் சுதர்ஷினி. பிறகு, மெதுவாக: “ஆனா வாங்கிக்கங்கப்பா. எனக்காக.”

அவர் வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பற்பொடி விரலிலேயே காய்ந்துகொண்டிருந்தது.

6.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். அவரை எப்படித் தள்ளினாலும் நகரமாட்டேன் என்கிறார்.

ஒரு முடிவு: வாங்கிக்கொள்கிறார், ஆபரேஷன் நடக்கிறது, பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் பேசுகிறார். எழுதும்போதே கொட்டாவி வந்தது.

இன்னொன்று: மறுத்துவிடுகிறார். சில மாதம் கழித்து அதே நோட்டீஸில் குத்துவிளக்கை மட்டும் திரும்பப் போட்டு... இல்லை. கிழித்து அடுப்பில் போட்டேன்.

விஜேந்திரனைக் கேட்போம் என்று அவனுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எழுதினேன். அவன் சொன்னான்: “பாத்தீங்களாம்மா? ஒருத்தரும் வாசிக்கல, ஆனா எல்லாரும் வந்தாங்க!” போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னது சரி என்பதுதான் வயிற்றெரிச்சல்.

7.

பெரட்டுக்கு நேரமாகிறது. பொறுத்துப் பார்த்துவிட்டுச் சனம் பைகளை வாசற்படியில் வைக்கிறது. இனி கலைந்து போகவேண்டியதுதான்.

எழவு வீட்டிலிருந்து கிளம்பும்போது எங்கள் ஆட்கள் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். பேசாமல் திரும்பி நடந்துவிடுவார்கள். உயிர் இருக்கிற வீடென்றால் “போயிட்டு வர்றோம்” என்று சொல்லாமல் படியிறங்கக் கால் வராது. யாராவது ஒருவர் அதைச் சொல்லிவிட்டால் போதும், படியில் இருப்பது எழவுச் சாமான் இல்லை. சொந்தக்காரர்கள் வந்துபோனபோது கொடுத்த பை. அதை அழகர் உள்ளே எடுக்கலாம்.

ராசம்மா முந்தானையை உதறிக்கொண்டு திரும்பிவிட்டாள். அவள் வாய் திறந்தாளா என்று நான் எழுதப்போவதில்லை. அழகர் கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறார்.

கண்ணுகளா, நீங்களும் இவ்வளவு நேரம் அந்த வாசலில்தான் நின்றீர்கள். உங்களுக்கும் வேலை இருக்கும், எழுந்து போகத்தான் வேண்டும். எப்படிப் போகிறீர்கள் என்று அவருக்குக் கேட்கும்.