நகல் எங்கயும் போகாதுங்க

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்கும், வாய் நடுங்காது. எங்கள் ஓனர் ரங்கராஜ் அதைத் தெரிந்துகொள்ள இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப்புக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் பட்டறை. சிஎன்சி லேத்துக்குக் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதுகிறவள் நான். திங்கட்கிழமை எட்டு ஷாஃப்ட் அரை மில்லிமீட்டர் குறைந்து வீணாயின. லேத்தில் ஓடியது பழைய புரோகிராம்.

"அன்புக்கரசி, உனக்குப் பொறுப்பே இல்ல. நாளைக்கிருந்து பேக்கிங் பக்கம் போயிரு," என்றார் ரங்கராஜ், பதினோரு பேர் முன்னால். பத்து வருஷமாகப் புரோகிராம் எழுதுகிறவளை அட்டைப்பெட்டி ஒட்டச் சொன்னால் வயிறு எரியாதா?

சாயங்காலத்துக்குள் காரணத்தைக் கண்டுபிடித்தேன். நான் சேமிக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுத உதவும் எடிட்டர் மென்பொருள் முந்தைய நகலை அதே ஃபோல்டரில், பெயருக்கு ஒரு வால் ஒட்டி, வைத்துவிடுகிறது. பென் டிரைவில் அதுவும் சேர்ந்து போகிறது. லேத்தின் திரையில் பெயரின் முதல் எட்டு எழுத்துதான் தெரியும், வால் தெரியாது. ஒரே பெயர் இரண்டு இருந்தால் கீழே இருப்பதுதான் புதுசு என்பது எங்கள் பட்டறைப் பழக்கம். வால் ஒட்டிய பழைய நகல் கீழே போய் உட்கார்ந்திருக்கிறது, ஆப்பரேட்டர் வேலன் அதை ஓட்டிவிட்டார்.

எடிட்டரின் அமைப்பில் ஒரே வரி சேர்த்தேன். இனி நகல்கள் வேறு ஃபோல்டருக்குப் போகும், பென் டிரைவ் பக்கமே வராது. ரங்கராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நகலே வேண்டாம். நிறுத்திப்போடு."

"மாட்டேனுங்க. வெச்ச இடந்தான் தப்பு. வெச்சது தப்பில்லீங்க."

"ஓனரு நானா, நீயா?"

"நீங்கதானுங்க. நிறுத்தோணும்னா நீங்களே நிறுத்திக்குங்க. என் கையால செய்யமாட்டேன்."

எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. முறைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் நான் பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டினேன்.

புதன்கிழமை மத்தியானம் அங்கே வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. பெருந்துறை கம்பெனிக்கான புரோகிராமில் ஓர் அளவைத் தானே மாற்றப் போய், முழுவதையும் அழித்து, அப்படியே சேமித்துவிட்டிருக்கிறார். நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதியது அது. லோடு மறுநாள் போக வேண்டும்.

"ஏனுங்க அம்மணி, அதோட பழைய நகல் இருக்குதுங்களா?"

முதல்முறையாக எனக்கு 'ங்க' போட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"இருக்குதுங்க. எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும். எடுத்துத் தாரேன். ஆனா எனக்குப் பொறுப்பே இல்லைன்னு பதினோரு பேரு முன்னாடி சொன்னீங்க. அது தப்புன்னு அவங்க முன்னாடியே சொல்லிப்போடுங்க."

கையிலிருந்த டேப்பைக் கீழே வைக்காமல் அடுத்த பெட்டியை ஒட்டினேன். கடைசியில் அவர் போய் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார். எண்ணிப் பார்த்தேன், பத்துப் பேர்தான்.

"வேலன் டீ குடிக்கப் போயிருக்கான்," என்றார் ரங்கராஜ்.

"வரட்டுங்க," என்றேன். "அதுவரைக்கும் நகல் எங்கயும் போகாதுங்க."