ரெஜினா தேர்ந்தெடுத்த குரல்

தூத்துக்குடியில் உள்ள எங்கள் மாற்றுத்திறனாளிகள் அமைப்பில் குரல்களை மர அலமாரியில் வைத்திருக்கிறோம். இனித் தேவைப்படாது என்று நினைப்பவர்கள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். பேச முடியாதவர்களின் கருவியில் அதைப் பொருத்திக் கொடுப்பது என் வேலை. மழை விட்டதும் குரல்களை வெயிலில் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் கரகரக்கும்.

ரெஜினா தன் அண்ணன் அமலதாஸுடன் வந்தாள். பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பேச்சு வரவில்லை; கைகளும் சொன்னபடி கேட்பதில்லை. சக்கர நாற்காலியில் பொருத்திய திரையில் எழுத்துகளைக் கண்ணால் பார்ப்பாள். பார்த்ததைக் கருவி சேர்த்துப் படிக்கும். அதற்குத்தான் குரல் வேண்டும். ஒரு டீச்சரின் குரலையும் ஒரு பாடகியின் குரலையும் போட்டுக் காட்டினேன். பிடிக்கவில்லை. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஆதிலிங்கத்தின் குரலைப் போட்டதும் சிரித்தாள்.

“பொம்பளப் பிள்ளைக்கு ஆம்பளைக் குரலா மேடம்?” என்றார் அமலதாஸ்.

ரெஜினா திரையைப் பார்த்தாள். “எல்லாரும் என் தலைக்கு மேலயே பேசிட்டுப் போறாங்க. இந்தக் குரல் சொன்னா பஸ்ஸே நிக்கும்லா.”

அது உண்மைதான். வாசலில் போய்க்கொண்டிருந்த பஸ் ஒன்று நின்றது.

வீட்டில் சாப்பிட்டு முடித்து, “போலாம், ரைட்” என்று அவள் சொன்னபோது வீடு கிளம்பித் தெருமுனைக்குப் போய்விட்டது. அக்கம்பக்கத்தார் வழிவிட்டார்கள். தபால்காரர் மட்டும் கொஞ்சம் தேடினார். அதன்பிறகு மாதா கோயில் பூசைக்குப் போக ஆட்டோ பிடிக்கும் தொல்லை அவளுக்கு இல்லை. வீட்டோடு போய்வந்தாள்.

அண்ணன் வைக்கும் குழம்பில் புளி அதிகம் என்று முதல்முறையாகச் சொன்னாள். அமலதாஸ் அடுப்படியில் நின்று அழுதார். “இத்தன வருசமா சொல்ல முடியாமலே தின்னுருக்கா மேடம்,” என்றார் என்னிடம்.

பிறகு ஒருநாள் ஆதிலிங்கம் வந்தார். குரல் இல்லாததால் கழுத்தில் கிடந்த விசிலை ஊதினார். அவர் மனைவி இசக்கியம்மாளுக்குப் பார்வை போய்விட்டது. இவர் வீட்டில் இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, “இந்த மனுசன் எங்க போனாரோ” என்று பக்கத்தில் நின்றுகொண்டே தேடுகிறாராம். குரல் திரும்ப வேண்டும் என்று ஊதி முடித்தார்.

கொடுத்தவர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. ரெஜினாவுக்குச் சொல்லி அனுப்பினேன். வீட்டோடு வந்து வாசலில் நின்றாள். ஆதிலிங்கத்தின் கழுத்தில் கிடந்த விசிலையே பார்த்தாள். கடைசியில், “அந்த அம்மாகிட்ட ஒரு தடவ பேசிட்டுத் தாரேன்,” என்றாள்.

எல்லோரும் அவள் வீட்டிலேயே ஏறி ஆதிலிங்கத்தின் வீட்டுக்குப் போனோம்.

“இசக்கி,” என்றாள் ரெஜினா.

“எங்க போனீரு? சோறு ஆறிப்போச்சு.”

“நான் அவரு இல்லம்மா, ரெஜினா. அவரு உங்க பக்கத்துலதான் நிக்காரு. எப்பவும் அங்கதான் நிக்காராம். அவரு குரலக் குடுக்க வந்தேன்.”

இசக்கியம்மாள் கையை நீட்டித் துழாவினார். ஒரு சட்டை அகப்பட்டது. பிடித்தபிடியை விடவில்லை. ஆதிலிங்கம் மெதுவாக ஒரு விசில் கொடுத்தார்.

“இத மொதல்லயே ஊதியிருந்தா என்ன?” என்ற இசக்கியம்மாளுக்கு ஞாபகம் வந்தது. “வீட்டுக்குள்ள ஊதக் கூடாதுன்னு கல்யாணமான புதுசுல சொன்னேன். அதையா இன்னும் கேட்டுட்டு இருக்கீரு?”

ஆதிலிங்கம் தலையாட்டினார். சட்டை வழியாக அது இசக்கியம்மாளுக்குத் தெரிந்தது.

“குரல நீயே வச்சுக்கோ தாயி,” என்றார் ரெஜினாவிடம். “நான் நெறையக் கேட்டாச்சு. பாதியும் பொய்யி. விசில்ல பொய் சொல்ல முடியாதுல்லா.”

ஆதிலிங்கம் இரண்டு விசில் கொடுத்தார். ரெஜினாவின் வீடு நகரத் தொடங்கியது. அமலதாஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓட, நானும் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் காலை கடல் வந்திருந்தது. கரையில் பேசுவது எதுவும் இப்போது சரியாகக் கேட்பதில்லை, காதுக்குக் கருவி வேண்டும் என்றது. கீழ்த்தட்டுப் பொருட்களை மேலே எடுத்து வைத்துவிட்டு உட்காரச் சொன்னேன். வலது காதுக்கு அளவெடுத்தாயிற்று. இடது காது இலங்கைப் பக்கம் இருப்பதால், புதன்கிழமை திரும்பி உட்காரச் சொல்லியிருக்கிறேன்.