காற்று நின்ற தொட்டி

அப்பாவின் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு மூத்தவள் விரல் விரலாகத் துடைத்தாள். நகக்கண்ணில் இருந்த நீலம் மட்டும் போகவில்லை. சாயப்பட்டறைக்காரரின் கை, ஈரத்துணிக்கு மசியுமா? விடு, அது அவரோடேயே போகட்டும் என்றாள் அம்மா.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியிருந்தவருக்கு, முந்தின நாள் சாயங்காலம் பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்துவிட்டது. இரவு அழுகையும் ஆட்களுமாகப் போயிற்று. தூரத்து உறவுகள் மதியத்துக்குள் வந்துவிடுவார்கள், வந்ததும் எடுத்துவிடலாம் என்று தம்பி எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தான்.

துணியைப் பிழிய எழுந்தபோதுதான் அவளுக்கு என்னவோ இடித்தது. வீடு மிகவும் அமைதியாக இருந்தது.

வீட்டுக்குப் பின்னால்தான் பட்டறை. சாயக்கழிவைச் சுத்தம் செய்யும் தொட்டிக்கு அடியில் காற்று ஊதுவதற்கென்று ஒரு மோட்டார், அது ராப்பகலாக ஓடும். அந்த உறுமலில்தான் இந்த வீட்டில் சாப்பிட்டார்கள், சண்டை போட்டார்கள், தூங்கினார்கள். பழகிப்போன சத்தம் நின்றால் உடனே தெரியாது பாருங்கள். அதிலும் வீட்டில் அழுகுரல் இருக்கும்போது.

வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த பட்டறை மேஸ்திரியிடம் போய்க் கேட்டாள். செய்தி காதில் விழுந்ததுமே ஓடிப்போய்ப் பட்டறையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டதாக அவர் சொன்னார். சொல்லும்போது கண் நிறைந்துவிட்டது.

"முதலாளி உள்ள படுத்திருக்கும்போது மெஷின் சத்தம் கேக்கலாமாம்மா?"

பட்டறைத் தெருவில் அதுதான் மரியாதை. முதலாளி போனால் மெஷின் நிற்கும். காற்று மோட்டாரும் அதே லைனில் இருக்கிறது என்று பாவம், அவருக்குத் தோன்றவில்லை. அவரைக் கடிந்துகொள்ள அவளுக்கு வாய் வரவில்லை.

தொட்டியை எட்டிப் பார்த்தாள். எப்போதும் பழுப்பு நுரை பொங்கிக்கொண்டிருக்கும் இடத்தில் கரேலென்று தண்ணீர் படுத்திருந்தது. அழுகின முட்டை நாற்றம். அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் அதில் வாழ்ந்தன. அப்பா அவற்றைப் பிள்ளைகள் என்பார். "எனக்கு ரெண்டு பிள்ளைன்னு யார் சொன்னா? கோடிப் பிள்ளை. அதுங்க வாய் பேசாது, அவ்வளவுதான்." காற்று இல்லாமல் ஒரு இரவு முழுக்க மூச்சு முட்டி அத்தனையும் போய்விட்டன.

சுவிட்சைப் போட்டாள். மோட்டார் ஓடியது. கரும் தண்ணீர் குமிழி விட்டுப் புரண்டது. அவ்வளவுதான். வேறு பட்டறையிலிருந்து உயிருள்ள சேறு வாங்கி வந்து ஊற்றி, மறுபடி வளர்த்தெடுக்கப் பல நாள் ஆகும். அதுவரை ஒரு சொட்டுத் தண்ணீர் வெளியே போகக்கூடாது. தொட்டி கெட்டால் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு வேலையை நிறுத்த வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நேற்று ஏற்றிய துணியெல்லாம் சாயக்கொப்பரைகளில் ஊறிக் கிடந்தது. இன்றைக்கே கொப்பரைகளை வடித்து அலசாவிட்டால் திட்டுத் திட்டாகச் சாயம் பிடித்து வீணாகும். வடித்தால், அந்தத் தண்ணீர் போக இடமில்லை.

இடம் ஒன்று இருந்தது. தொட்டி மூலையில் தரையோடு தரையாக ஒரு இரும்புத் தகடு. அதன் கீழே ஒரு வால்வு. அதைத் திருகினால் கொப்பரைத் தண்ணீர் தொட்டியைத் தொடாமல் நேராக வாய்க்காலுக்குப் போகும்.

தம்பி வந்து நின்றான். மூக்கைப் பொத்தினான். அவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சாயம் போட இந்தத் துணியைக் கொடுத்தவரைப் பிடிக்க அவன் எத்தனை ஊர் அலைந்தான், இந்தச் சரக்கு கெட்டால் அந்த ஆள் திரும்பிப் பார்க்கமாட்டான், வேலைக்காரர்கள் வேறு இடம் தேடிப் போய்விடுவார்கள் என்று அடிக்குரலில் சொன்னான். ஒன்றும் பொய்யில்லை. வண்டி கிளம்பட்டும், எல்லோரும் மயானத்துக்குப் போனதும் மேஸ்திரியை விட்டுத் திறக்கச் சொல்கிறேன் என்றான்.

"வாய்க்கால் தண்ணியிலதான் கீழ கீரை போடறாங்க. குளிக்கறாங்க" என்றாள் அவள்.

"ஒரு நாள்க்கா. செத்த வீட்டுல வந்து யாரும் சோதனைக்குத் தண்ணி பிடிக்கமாட்டாங்க."

"அப்பா மூடி வச்சதுடா அது."

"அப்பா போன அன்னிக்கே பட்டறையும் போகணுமா?" அவன் குரல் உடைந்தது. "உனக்கு எப்பவும் அவரைவிட இந்தத் தொட்டிதான் பெருசு."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான்.

அவள் போகாமல் இங்கேயே காவல் இருக்கலாம். ஆனால் அப்பாவைத் தனியாக அனுப்ப முடியுமா? வண்டி வந்தால் அவளும் போகத்தான் வேண்டும். போனால் வால்வு திறக்கும்.

வாசலில், நாற்காலி வரிசையின் கடைசியில் சீல்காரர் உட்கார்ந்திருந்தார். சுற்றுச்சூழல் அலுவலக அதிகாரி. ஒரு காலத்தில் வாய்க்கால் சிவப்பாக ஓடியபோது இந்தப் பட்டறையைப் பூட்டிச் சீல் வைத்தவர், அதனால் அப்பா வைத்த பேர் அது. அன்றைக்கு நடுத்தெருவில் நின்று அவரை வாய்க்கு வந்தபடி ஏசினார் அப்பா. பிறகு தொட்டி கட்டினார். பிறகு என்ன நடந்ததோ, சீல்காரர் சோதனைக்கு வரும் நாளில் அப்பா புதுச் சட்டை போட ஆரம்பித்தார். போன வாரம் ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவரிடம்கூட, "மூக்கை வீட்டுலயே வச்சிட்டு வந்தீங்களா சார்? இங்க நாத்தம் ஜாஸ்தி" என்றார்.

அந்த மூக்கு இப்போது எப்படிச் சும்மா இருக்கும்? ஆனால் அவர் குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"சார், தொட்டி செத்துப்போச்சு."

"இன்னிக்கு நான் லீவும்மா" என்றார் அவர், நிமிராமல். "உங்கப்பாவைப் பாக்கத்தான் வந்தேன்."

"தெரியும் சார்."

"நீ சொன்னா நான் எழுதணும். எழுதினா மூடணும். சொல்லாதம்மா."

அவள் உள்ளே பார்த்தாள். கதவு வழியாக அப்பாவின் பாதங்கள் தெரிந்தன. ஊரே நல்ல மனிதர் என்று சொல்லி அனுப்ப வந்திருக்கிறது. இந்த ஒரு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தப் பேரோடு போவார்.

"தொட்டி மூலையில தகடுக்குக் கீழ ஒரு வால்வு இருக்கு சார். நேரா வாய்க்காலுக்குப் போகும்."

சீல்காரர் மெதுவாகத் திரும்பினார். "யார் வச்சது?"

"அப்பாதான். தொட்டிக்கு முந்தி. அப்புறம் தொடவே இல்லை. எடுக்கவும் இல்லை."

வாய்க்கால் சிவந்த அந்த வருஷம் அவர் தேடாத இடமில்லை. சுவர் தட்டிப் பார்த்தார், மண்ணைத் தோண்டிப் பார்த்தார். இப்போது கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது உதடு ஒரு பக்கம் இழுத்தது. சிரிப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அந்தத் தகடு மேலதாம்மா நாற்காலி போட்டு எனக்கு டீ குடுப்பார்."

அவள் தலை குனிந்தாள். "நான் அப்பாகூடப் போகணும் சார். நான் இல்லாதப்போ அது திறக்காம இருக்கணும்."

யார் திறப்பார்கள் என்று அவர் கேட்கவில்லை. எழுந்து போய்க் காரிலிருந்து பையை எடுத்து வந்தார்.

தகட்டை இருவருமாக நகர்த்தினார்கள். வால்வின் சக்கரத்தைக் கம்பியால் சுற்றி, முனைகளை முறுக்கி, சீல் வைக்க அரக்குக் குச்சியை வெளியே எடுத்தார் சீல்காரர். வாய்க்கால் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது. தீக்குச்சி அணைந்தது. அவள் குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளையும் குவித்துக் காட்டினாள். அடுத்த குச்சியும் அணைந்தது.

வாசல் பக்கம் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவளைக் கூப்பிட வந்த தம்பி பட்டறை வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டான். கம்பியைப் பார்த்தான். கொப்பரைகளைப் பார்த்தான். அவள் நிமிரவில்லை. அவன் கத்தட்டும் என்று காத்திருந்தாள்.

அவன் படியிறங்கி வந்தான். அவர்களைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், காற்று வரும் திசைக்கு முதுகைக் கொடுத்து நின்றான்.

சீல்காரர் இன்னொரு குச்சியை உரசினார்.